மேல்மாடி காலி

பல் டாக்டருக்கு அந்தச் சதுக்கத்தைக் கண்டாலே ஆகாது. ஊரெல்லாம் அதைப் பார்த்து வாயைப் பிளந்தது. பிளந்த வாய்களைப் பார்த்தே காலம் தள்ளுகிற அவளுக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. நான்கு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற கிழட்டுக் கட்டடங்கள், ஒரு தூறலுக்கே குளமாகிற கல்தரை, நடுவில் குதிரைமேல் ஒருவன். அவன் யாரென்று கேட்டால் நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். போரில் ஜெயித்தானா தோற்றானா என்பதுகூட யாருக்கும் நிச்சயமில்லை. புறாக்களுக்கு மட்டும் அவனிடம் தீராத பற்று. அதை அவன் தலையிலும் தோளிலும் நாள் தவறாமல் காட்டிவந்தன.

கல்தரையில் ஒரு கல் ஏறியிருந்தால் அடுத்த கல் இறங்கியிருக்கும். வெளியூர்க்காரர்கள் கட்டடங்களை அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார்கள், தடுக்கி விழுவார்கள், முன்பல் உடைந்து ரத்தம் ஒழுக அவளிடம் படியேறி வருவார்கள். வந்ததும் வராததுமாக, "எவ்வளவு அழகான இடம் டாக்டர்!" என்பார்கள்.

"துப்புங்க," என்பாள் அவள்.

வடக்கு வரிசையின் நடுவீடு அவளுடைய அப்பா விட்டுப்போனது. மேல்மாடி மகளுக்கு, கீழ்த்தளம் மகனுக்கு என்று வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டார்களே தவிர, பத்திரத்தில் இருவருக்கும் பொது. ஒருவர் கையெழுத்தில்லாமல் மற்றவர் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. மேல்மாடியில் அவள் கிளினிக் வைத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கணவன் என்று ஒருத்தன் இருந்தான். அவள் வாய்க்குப் பயந்து வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவன், மாற்றல் முடிந்த பிறகும் திரும்பி வரவில்லை. அவளும் தேடவில்லை. படி செங்குத்து, கூரை ஒழுகல், ஜன்னல் மரச்சட்டம் ஊறி உப்பி மூடவே மூடாது. தினமும் காலையில் படியேறும்போது அந்த வீட்டையும், அதைக் கட்டினவனையும், கட்டினவனுக்குக் கல் கொடுத்த மலையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டேதான் ஏறுவாள். கீழே கடைக்குள் இருக்கும் தம்பிக்கு அதுதான் விடிந்ததற்கு அடையாளம்.

தம்பி சாது. எந்த அளவுக்குச் சாது என்றால், யார் என்ன சொன்னாலும் "ஆமாம்" என்பான்; அடுத்தவன் வந்து அதையே தலைகீழாகச் சொன்னால் அதற்கும் "ஆமாம்" என்பான். குடைக்கடை வைத்தான், பரிசுப்பொருள் கடை வைத்தான், இப்போது போட்டோகாப்பிக் கடை. எந்தக் கடையிலும் கூட்டம் சேரவில்லை, தம்பிக்கும் அதைப் பற்றிப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அக்காவுக்கு அவன்மேல் பாசம் உண்டு. அந்தப் பாசத்தை அவள் "முட்டாள்" என்ற ஒரே சொல்லில்தான் வெளிப்படுத்துவாள்.

இப்படி இருக்கும்போதுதான் நகரசபைக்கு ஒரு யோசனை வந்தது. சதுக்கத்துக்கு அடியில் தோண்டி கார் நிறுத்தும் இடமும் அதற்கு மேல் வணிக வளாகமும் கட்டுவது. வடக்கு வரிசையில் முன்சுவரை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு பின்னால் இருப்பதையெல்லாம், பக்கத்துத் தெருக்கள் உட்பட, இடித்து, கார்கள் இறங்குவதற்குச் சரிவுப்பாதை போடுவது. ஒரு கட்டுமான நிறுவனம் எல்லாம் தயாராக வைத்திருந்தது.

யோசனை வந்த வாரமே அதை எதிர்க்கிற குழுவும் வந்துவிட்டது. சதுக்கப் பாதுகாப்புக் குழு. அதன் தலைவர் ஒரு பேராசிரியர். வேலையில் இருந்த காலம் முழுவதும் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர், ஓய்வுபெற்ற மறுநாள் வரலாற்று அறிஞராகக் கண்விழித்தார். கழுத்தில் துண்டு மாதிரி ஒரு மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, கையெழுத்து வாங்க ஒருநாள் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார்.

"டாக்டரம்மா, நான் சொல்றது மிகையா இருக்கலாம். ஆனா இந்தச் சதுக்கம் நம்மகூடப் பேசுது."

"என்கூடப் பேசலை. ஒழுகுது, அவ்வளவுதான்."

"அது காலத்தோட கண்ணீர்னு வெச்சுக்கங்களேன்!"

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காலத்தின் கண்ணீர் நேற்று ராத்திரி அவளுடைய எக்ஸ்ரே மெஷினில் சொட்டியிருந்தது.

"சார் எங்க குடியிருக்கீங்க?"

"நானா? புறநகர்ல, புது அடுக்குமாடி. முட்டிவலி இருக்கு பாருங்க, லிஃப்ட் இல்லாம முடியாது."

"அப்ப அந்த லிஃப்டைக் கழற்றிக் கொண்டுவந்து இங்க மாட்டுங்க. கையெழுத்துப் போடறேன்."

பேராசிரியர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதிச் சிரிப்போடு இறங்கிப் போனார். அவர் படியிறங்கி முடிவதற்குள் டாக்டர் அவரை மறந்துவிட்டாள்.

தம்பி வந்து தயங்கித் தயங்கி, "அக்கா, வித்துடலாமா?" என்று கேட்டபோது அவளுக்கு யோசிக்கவே ஒன்றும் இருக்கவில்லை.

"இதைப் போய்க் கேக்கணுமா? வாங்கறதுக்கு ஒரு முட்டாள் கிடைச்சிருக்கான்ல, அவன் மனசு மாறறதுக்குள்ள குடுத்துட்டுப் போவோம்."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு இடம்கூடப் பார்த்து வைத்தாள். படியே கிடையாது. ஜன்னல் ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொண்டது. அவள் அதைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள்.

கையெழுத்துக்கு முன்பு, வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கட்டும் என்று நகரசபைக் கூடத்தில் திட்டத்தின் மாதிரியை வைத்திருந்தார்கள். டாக்டரும் போனாள். பெரிய மேசைமேல் வெள்ளை அட்டையில் சதுக்கம். குதிரைக்காரனைக்கூட ஊசி அளவுக்குச் செய்து நிறுத்தியிருந்தார்கள். புறா மட்டும் இல்லை. சதுக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி மனிதர்கள். எல்லாரும் ஒல்லி, எல்லாருக்கும் நிமிர்ந்த முதுகு, எல்லார் கையிலும் ஒரு பை. கிழவர் ஒருவர்கூட இல்லை, நொண்டுகிறவர் இல்லை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவர் நிச்சயமாக இல்லை.

மேசை ஓரத்தில் திட்ட மேலாளர் நின்றுகொண்டிருந்தான். கோட்டும் சூட்டுமாக, கையில் ஒரு நீளமான குச்சி. சிரித்தால் அறையில் இன்னொரு விளக்குப் போட்டது போல் இருந்தது. வெண்மை என்றால் பல்லுக்கு இயற்கையில் இல்லாத வெண்மை. டாக்டர் மனசுக்குள் அவனுக்குப் பளபளா என்று பெயர் வைத்துவிட்டாள்.

"இந்த வரிசையும் பக்கத்துத் தெருக்களும் கிட்டத்தட்ட காலிங்க," என்று பளபளா குச்சியை வடக்கு வரிசையின் மேல் ஓட்டினான். "அதனால யாருக்கும் பாதிப்பில்லை."

"நடுவீட்டு மேல்மாடி?" என்றாள் டாக்டர்.

"அதுவும் காலிதாங்க. யாரோ ஒரு வயசான அம்மா, வீட்ல பொழுதுபோகாம அப்பப்ப வந்து உக்காந்துட்டுப் போவாங்களாம். அவ்வளவுதான்."

"யாரு சொன்னது?"

"கீழ்வீட்டுக்காரரே சொன்னாருங்க. அவங்க கூடப்பிறந்த தம்பியாம்."

டாக்டர் திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் கோடியில் இலவசக் காபி வைத்திருந்த இடத்தில் தம்பி நின்றுகொண்டு, ஒரு கையில் காகிதக் கோப்பையும் மறுகையில் இரண்டு பிஸ்கட்டுமாக யாரிடமோ "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கத்தித் தீர்த்துவிட்டு மறுநாள் கையெழுத்துப் போட்டிருப்பாள். அவள் பளபளாவின் முகத்தருகே குனிந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"மேல்வரிசையில இடதுபக்கம், முன்பல்லுக்கு அடுத்தது, ஒட்டு விட்டுடும்போல இருக்கு. பாத்துக்கங்க. கூட்டத்துல பேசும்போது விழுந்துடப்போவுது."

பளபளா உதட்டை மூடிக்கொண்டான். அவள் தம்பி இருந்த பக்கம் பார்க்காமலே வெளியே வந்துவிட்டாள்.

சாயங்காலம் போட்டோகாப்பிக் கடைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். தம்பியின் பெண்டாட்டியும் இருந்தாள்.

"பொழுதுபோகாம வந்து உக்காந்துட்டுப் போறேனாடா நான்?"

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, அது அப்படி இல்லக்கா. மேல ஆள் இருக்குன்னு சொன்னா அவங்க மாத்து இடம் காட்டணுமாம், அது இதுன்னு இழுத்துக்கிட்டே போகுமாம். காலின்னா சீக்கிரம் முடியும்னு அவங்கதான் சொன்னாங்க."

"நீ ஆமாம்னே."

"ஆமாம்க்கா."

"இன்னிக்குக் காலையில என் பெஞ்சுல இடமில்லாம படியில உக்காந்திருந்தாங்களே, அவங்கல்லாம் யாரு? பேயா?"

தம்பி பெண்டாட்டி சமாதானம் பேச வந்தாள். "விடுங்க அண்ணி. எப்படியும் ஓய்வெடுக்கிற வயசுதானே? ஒரு பேச்சுக்குச் சொன்னதை..."

அந்தப் பேச்சு முடியவில்லை. டாக்டர் பார்த்த பார்வையில் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அக்கா! நீதானே இந்த வீட்டை ஒழிச்சுக்கட்டுன்னு தினம் திட்டுவே? நீதானே விக்கலாம்னே?" தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கு எதற்கெடுத்தாலும் கலங்கிவிடும்.

"சொன்னேன். இருக்கிறவளா விக்கிறேன்னு சொன்னேன். இல்லாதவளா விக்க மாட்டேன்."

அத்தோடு அக்கா தம்பி பேச்சு நின்றது.

சில நாள் கழித்துப் பளபளா படியேறி வந்தான். இப்போது ஆள் யாரென்று தெரிந்திருந்தது. "மேடம், மேடம்" என்று உருகினான். உருகல் பலிக்காததும் குரல் இறுகியது. "உங்க கையெழுத்து இல்லாட்டியும் நகரசபை எடுத்துக்கலாம் மேடம். பொது நன்மை. அதுவும் காலிக் கட்டடம்னா ரொம்பச் சுலபம்."

"காலிக் கட்டடத்துல நின்னு யார்கிட்டப் பேசிட்டிருக்கீங்க?" என்றாள் அவள். "வழிவிடுங்க, அடுத்தவரு உள்ள வரணும்."

வீம்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. விசாரித்துப் பார்த்தாள். நகரசபை அதை எடுத்துக்கொள்ளாமல் தடுக்க ஒரே வழி, சதுக்கத்தையும் சுற்றியுள்ள தெருக்களையும் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவிக்கவைப்பதுதான். அதற்கு மனுப் போட்டிருந்தது பேராசிரியரின் குழு. வேறு போக்கில்லாமல், வேப்பெண்ணெய் குடிக்கிற முகத்தோடு டாக்டர் அந்தக் குழுவின் கூட்டத்துக்குப் போனாள்.

ஒரு பழைய புத்தகக் கடையின் பின்னறையில் கூட்டம். வந்திருந்தவர்கள் அனைவரும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நல்ல பல் உள்ளவர்கள். உறுப்பினர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பதக்கம் எந்த நிறத்தில் இருக்கவேண்டும் என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது. மங்கிய செங்கல் நிறம் என்றார் ஒருவர். மண் நிறத்தில்தான் உயிர் இருக்கிறது என்றாள் செயலாளர் அம்மாள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், நிறம் முடிவாகும்வரை சும்மா இருப்பானேன் என்று சதுக்கத்தைக் காதலியாகப் பாவித்துத் தான் எழுதிய கவிதையை வாசித்தார். காதலிக்கு ஏகப்பட்ட வயது. அவள் மடியில் கவிஞர் தலைவைத்துப் படுத்துக்கொள்ள விரும்பினார். டாக்டருக்கு அந்த மடியில் கிடக்கும் புறா எச்சம் நினைவுக்கு வந்தது.

கவிதை முடிந்து எல்லாரும் கைதட்டி ஓய்ந்ததும் அவள் கேட்டாள். "இங்க இருக்கிறவங்கள்ல சதுக்கத்துல குடியிருக்கிறவங்க யாரு?"

ஒரு கையும் எழவில்லை.

"சரி, வேலை பாக்கிறவங்க?"

புத்தகக் கடைக்காரர் மட்டும் பாதிக் கையைத் தூக்கினார்.

"உடம்பு எங்க இருந்தா என்னங்க டாக்டர்," என்றாள் செயலாளர் அம்மாள், நெஞ்சில் கை வைத்து. "எங்க மனசு பூரா இங்கதான் இருக்கு."

"மனசுக்கு யாரும் வாடகை கேக்க மாட்டாங்க. அதான் இங்க வெச்சிருக்கீங்க."

செயலாளர் அம்மாள் அன்றைக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசவில்லை. பேச வேண்டியதைப் பேராசிரியரிடம் சொல்லி, அவர் டாக்டரிடம் சொல்வார். டாக்டருக்கு அது வசதியாகவே இருந்தது.

நகரசபையின் பொது விசாரணைக்கு முன்னால் அவளே தெருத் தெருவாக இறங்கினாள். அவளோடு யாரும் கூட வரவில்லை, பேராசிரியருக்கு முட்டிவலி. சதுக்கத்திலிருந்து பிரிகிற தெருக்களில் தையற்கடை, கார் ஓட்டப் பழக்குகிறவர், வயலின் வாத்தியார், ஓய்வே எடுக்காத ஒரு கிழ வக்கீல், சாவிக்கடை, தங்கும் விடுதி நடத்தும் அம்மாள் என்று எத்தனையோ பேர். அவர்களிடம் அழகு, பழமை, பெருமை என்று ஆரம்பித்தால் கொட்டாவிதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கே வரும்.

தையற்காரர் எடுத்த எடுப்பில், "எனக்கு இதுல என்ன லாபம் டாக்டர்?" என்றார். நஷ்ட ஈடு கிடைத்தால் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விடலாம் என்று அவருக்கு ஆசை. வக்கீல் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். விடுதி அம்மாளுக்கோ வணிக வளாகம் வந்தால் தன் விடுதி நிரம்பி வழியும் என்று கணக்கு. விடுதியே இருக்காது என்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் இவர்கள் இவ்வளவு அற்பர்கள் என்று தெரியாமல் போயிற்றே என்று டாக்டருக்குத் தோன்றியது. பிறகு, தெரிந்துதான் இருந்தது, பேசத்தான் இல்லை என்றும் தோன்றியது. ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"மேசை போட்டு அட்டையில உங்க தெருவைச் செஞ்சு வெச்சிருக்கான். உங்க கடையைக் காலின்னு சொல்றான். நீங்க காலியா?"

"என்னையா?" என்றார் தையற்காரர். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தேவிட்டார். "என்னையா காலிங்கிறான்? எவன் அவன்?"

வயலின் வாத்தியாரும் அதையேதான் கேட்டார். சாவிக்கடைக்காரர் கேட்ட விதத்தை அச்சில் ஏற்ற முடியாது. கிழ வக்கீல் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் அலமாரியில் இருந்த கட்டுகளை ஒருமுறை பார்த்தார். மனிதனைக் கிளப்ப அழகு உதவாது, அவமானம்தான் உதவும் என்று டாக்டர் கண்டுகொண்டாள். கண்டுகொண்டதில் அவளுக்கு மனிதர்மேல் மதிப்பு ஒன்றும் கூடிவிடவில்லை.

விசாரணை நாளன்று நகரசபைக் கூடம் நிரம்பியிருந்தது. முதலில் பேராசிரியர் திரையில் படம் காட்டிப் பேசினார். குதிரைக்காரனின் பரம்பரையைப் பாட்டனுக்குப் பாட்டன்வரை போய்த் தொட்டு, திரும்பி வருவதற்குள் இரண்டு உறுப்பினர்கள் தூங்கிவிட்டார்கள். மூன்றாமவர் தூங்குகிறாரா, கண்ணை மூடிக் கேட்கிறாரா என்று சொல்வதற்கில்லை. பிறகு பளபளா எழுந்தான். இசையோடு ஒரு படம் ஓடியது. ஒல்லி மனிதர்கள் பைகளோடு நடந்தார்கள். உறுப்பினர்கள் விழித்துக்கொண்டார்கள். "யாருக்கும் பாதிப்பில்லை" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, உதட்டை அதிகம் விரிக்காமல் புன்னகைத்து உட்கார்ந்தான்.

நகரசபைத் தலைவி டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள். டாக்டரிடம் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்துகொண்டவள். அந்த நினைப்பில் கையைக் கன்னத்தருகே கொண்டுபோய் எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் எழுந்தாள்.

"எனக்கு அந்தச் சதுக்கத்தைப் பிடிக்காது."

பேராசிரியர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"கல்லெல்லாம் கோணல். வீடெல்லாம் ஒழுகல். பேராசிரியரு காட்டின படத்துல பாதி எனக்குப் புரியலை, மீதியை நான் நம்பலை. அங்கேயிருந்து எப்படா போவோம்னு இருந்தவ நான். விக்கறதுக்கு ஒத்துக்கிட்டவ. ஆனா இந்தக் கம்பெனிக்காரரு அது காலிங்கிறாரு. அங்க வேலை செய்யறவங்க, குடியிருக்கிறவங்க எல்லாரும் கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

நாற்காலிகள் கரகரவென்று பின்னால் தள்ளப்பட்டன. தையற்காரர், சாவிக்கடைக்காரர், வயலின் வாத்தியார், அவரிடம் கற்றுக்கொள்கிறவர்கள், விடுதி அம்மாள், அவளிடம் வேலை செய்கிற பெண்கள், வக்கீல், வக்கீலின் முடிவே ஆகாத வழக்குகளின் கட்சிக்காரர்கள், பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்ததால் எழ வேண்டிய அவசியம் இல்லாதவர்கள். தம்பியும் இருந்தான், கடைசி வரிசையில். எல்லாரும் எழுந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவனும் எழுந்தான். அவன் பெண்டாட்டி சட்டையைப் பிடித்து இழுத்தாள். பாதி எழுந்து பாதி குனிந்து அப்படியே நின்றான்.

"இவங்கல்லாம் இல்லாதவங்களாம்," என்றாள் டாக்டர். "இருக்கிறவங்களுக்குப் பாதிப்பு இருக்கான்னு நீங்க கேக்கலாம். இல்லைன்னு முடிவு பண்ணிட்டுக் கேக்கறது எந்த ஊர் நியாயம்? இடிக்கணும்னா இடிங்க. ஆனா, ஆளுங்களை இடிக்கிறோம்னு சொல்லிட்டு இடிங்க. அந்தத் தைரியம் இருந்தா."

இந்தப் பேச்சில் உறுப்பினர்கள் மனம் நெகிழ்ந்து கண்ணீர் விட்டார்கள் என்று பேராசிரியர் பின்னால் எழுதினார். அப்படி ஒன்றும் இல்லை. அவர்கள் பார்த்தது அவளை அல்ல; கூடத்தின் ஓரத்தில் இரண்டு செய்திக் கேமராக்கள், எழுந்து நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்ததை. நின்றவர்கள் அனைவருக்கும் ஓட்டு இருந்தது. தேர்தலும் தூரத்தில் இல்லை. அதுவரை வணிக வளாகத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த உறுப்பினர்களுக்குப் பழமையின்மேல் திடீரென்று பற்றுப் பொத்துக்கொண்டு வந்தது. ஒருவர் தன் சிறுவயதில் அந்தக் குதிரைமேல் ஏறியதை நினைவுகூர்ந்தார். அவர் வேறு ஊரிலிருந்து குடிவந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சதுக்கமும் சுற்றியுள்ள தெருக்களும் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று தீர்மானம் நிறைவேறியது. பேராசிரியர் செயலாளர் அம்மாளைக் கட்டிக்கொண்டார். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தாள். பிற்பகல் நோயாளிகள் காத்திருந்தார்கள்.

அதன்பிறகு நடந்ததை ஊரார் வெற்றி என்றார்கள். குழு, கண்காணிப்புக் குழு ஆனது. முதல் காரியமாகப் பதக்கம் வந்தது, மண் நிறத்தில். இரண்டாவதாக அறிவிப்புகள் வந்தன. தையற்காரரின் கடைக்கதவு நிறம் சரியில்லை. சாவிக்கடையின் இரும்புத் தட்டி காலத்துக்கு ஒவ்வாதது. டாக்டரின் ஜன்னல் சட்டத்தை மாற்றக் கூடாது. பழுது பார்க்கலாம், அதே மரத்தால், அதே முறையில், குழுவின் அனுமதியோடு. வீட்டின் பின்பக்கம் லிஃப்ட் வைக்கக் கேட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, பின்சுவரும் வரலாறாம். கையெழுத்து, பேராசிரியருடையது. அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. டாக்டருக்கும் ஒரு பொன்னாடை எடுத்து வைத்திருப்பதாக ஆள் அனுப்பினார்கள். அந்தத் துணியைக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் அடைத்துத் தர முடியுமா என்று கேட்டு அனுப்பினாள்.

வீம்புக்காகக் காப்பாற்றிய சதுக்கம், காப்பாற்றியவளின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. அவள் காலையில் படியேறும்போது திட்டுவதற்கு இப்போது ஆட்களும் கூடிவிட்டார்கள். கீழே கேட்க ஆள் இருக்கிறதா என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. தம்பி பேசுவதே இல்லை. அவள் படியிறங்கும் சத்தம் கேட்டால் கடைக்குள் மறைந்துகொள்வான். நெடுநாள் அப்படியே போயிற்று.

தீர்மானம் வந்ததும் சதுக்கத்துக்குக் கூட்டம் கூடியது, வாடகையும் கூடியது. தம்பி போட்டோகாப்பி மெஷினை விற்றுவிட்டுக் கீழ்த்தளத்தை ஒரு காபிக்கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டான். மாதம் பிறந்தால் வாடகை. வேலை ஏதும் இல்லை. அவன் பிறந்ததே இந்த மாதிரி ஒரு தொழிலுக்காகத்தான். ஒருநாள் மதியம், நோயாளிகள் போன நேரமாகப் பார்த்து, கையில் ஒரு காபிக் கோப்பையோடு மேலே ஏறி வந்தான்.

"அக்கா."

"என்ன?"

"நீ பண்ணினதுதான் சரிக்கா. நான் அப்பவே நினைச்சேன்."

ஒரு மனிதன் இவ்வளவு சுலபமாகச் சந்தோஷப்பட்டுவிட முடியுமா என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்பவே நினைச்சியா? எப்போ? நான் இல்லாதவன்னு சொன்னப்பவா?"

தம்பி கோப்பையைக் கருவிகள் வைக்கும் தட்டின்மேல் வைக்கப் போனான். அவள் முறைத்ததும் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"அது பொய்தான்க்கா. ஆனா முழுப் பொய்யா நினைச்சுச் சொல்லலை. தினம் காலையில திட்டிக்கிட்டே ஏறுவே. சாயங்காலம் திட்டிக்கிட்டே இறங்குவே. நடுவுல நீ ஒரு நாள் சிரிச்சு நான் கேட்டதில்லை. உன்னை எப்படியாச்சும் இங்கேயிருந்து வெளிய எடுத்துட்டா நீ நல்லா இருப்பேன்னு பட்டுது. நீ இங்க இருக்கேன்னே எனக்குத் தோணலைக்கா."

கீழே காபிக்கடையில் யாரோ யாரையோ பார்த்துப் பலமாகச் சிரித்தார்கள். டாக்டர் கையுறைப் பெட்டியை நகர்த்தி வைத்தாள், பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

அப்போதுதான் கவனித்தாள். தம்பி காபியை ஒரு பக்கமாகச் சாய்த்து உறிஞ்சுகிறான். வலது கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

"உக்காரு."

"எதுக்குக்கா?"

"நாற்காலியில உக்காருடா."

அவன் சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் ஓடுகிறவன். இன்றைக்கு மறுபேச்சு இல்லாமல் சாய்ந்து படுத்தான். விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தாள். கீழ்க்கடைவாய்ப் பல் முழுக்கச் சொத்தை, அடியில் சீழ் கட்டியிருந்தது. மாதக்கணக்கில் வலித்திருக்கவேண்டும். எந்த வைத்தியனும் கை வைத்த அடையாளம் இல்லை.

"இதை வெச்சுக்கிட்டு இவ்வளவு நாளா என்னடா பண்ணிட்டிருந்தே? ஊர்ல வேற பல் டாக்டரே இல்லையா?"

கண்ணாடியும் கருவியும் வாயில் இருந்ததால் தம்பியால் சரியாகப் பேச முடியவில்லை. குழறிக் குழறிச் சொன்னான்.

"நீதான் பேசலையேக்கா."

"முட்டாள்," என்றாள் அவள். ஊசியை எடுத்துக்கொண்டு வந்து, பழக்கமில்லாத மென்மையோடு அவன் தாடையைப் பிடித்தாள். "நல்லா பெருசாத் திற. வலிச்சா கையைத் தூக்கு. கத்தினே, பிடுங்கிடுவேன்."